மூன்று சுற்றுக்கு இரண்டு சுற்று

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தி ஐயாவும் சௌக்கியமா? இங்கே நான் சௌக்கியம். கை, கால், கண் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. காதுதான் கேட்பதில்லை. அதனால்தான் போன் வேண்டாமென்று கடிதம். போன தடவை நீங்கள் 'பல் வலி' என்றீர்கள். நான் 'நல்ல வழி' என்று எடுத்துக்கொண்டு ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். இருபது வருஷத் தையல் மிஷின் சத்தம் செய்த வேலை, மன்னிக்க வேண்டும்.

விஷயம் நம் பிள்ளைகளைப் பற்றியது. துரைக்கு ஏழு நாள் சரக்குப் படகில் இயந்திர அறை, இரண்டு நாள் கரை. உங்கள் சிட்டுவுக்கு ஐந்து நாள் மலைமேல் நீரேற்று நிலையத்துக் குவார்ட்டர்ஸ், ஆறாம் நாள் வீடு. எல்லாம் தெரிந்துதான் மூன்று வருஷத்துக்கு முன் கல்யாணம் செய்தோம். ஆனால் முன்பெல்லாம் எப்படியோ இரண்டு பேரும் ஒரு நாளாவது சேர்ந்து கிடைப்பார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அது இல்லை. மார்ச்சில் போனேன், மகன் இருந்தான். மே மாதம் போனேன், மருமகள் இருந்தாள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு வேளை சோறு போட ஆசையாக இருக்கிறது.

நீங்கள் வானத்துக்கே நாள் கணக்குப் போடுகிறவர். ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள். என் கடைக்கு வருகிறவர்கள் உங்களை ஜோசியர் என்றே நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. அந்த மரியாதையில் எனக்கும் பங்கு வருகிறது.

இப்படிக்கு உங்கள் சம்பந்தி,
துரையின் அம்மா


ஜூன் 15

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு இருவரும் நலம். பல் பிடுங்கியாயிற்று, ஆகவே நீங்கள் சொன்ன சந்தோஷம் இப்போது பொருந்தும்.

முதலில் என் தொழிலைப் பற்றி. யாருக்கும் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வானாய்வு நிலையத்தில், சிறு கோள்களின் சுற்றுப்பாதைகளைக் கணக்கிடும் பிரிவில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தது மொத்தம் நான்கு தடவை. மற்றதெல்லாம் எண்கள்.

இந்த மாதம் எங்கள் மேஜைக்குப் புதிதாக ஒரு பனி உருண்டை வந்திருக்கிறது. அதன் பாதை நெப்டியூனின் பாதைக்குக் கொஞ்சம் உள்ளே வந்து போகிறது. அப்படியானால் ஒரு நாள் நெப்டியூன் அதை இழுத்து எறிந்துவிடாதா என்பது கேள்வி. எறியாமலும் இருக்கலாம். புளூட்டோ அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறது. நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. இரண்டும் ஒரே பக்கம் வரும்போதெல்லாம் புளூட்டோ தன் பாதையின் தொலைவான கோடியில் இருக்கும். உள்ளே வரும்போது நெப்டியூன் வேறெங்கோ இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் நெப்டியூனின் இழுப்பே அதைத் திருப்பி ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும். இதை ஒத்திசைவு என்போம். கோடிக்கணக்கான வருஷங்களாக இரண்டும் நெருங்கியதே இல்லை.

பிள்ளைகள் விஷயம் இதைவிட எளிது. மாப்பிள்ளையின் படகு கரைக்கு வரும் தேதிகளை அனுப்புங்கள். சிட்டுவிடம் அவள் தேதிகளை வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிட்டுவின் அம்மா


ஜூன் 27

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல். பல் போன இடத்தில் நாக்கு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். பட்டன் வாங்க வந்த டீச்சர், "மோதாம சுத்துதுன்னா நல்லதுதானே" என்று சொன்னார். எனக்கு அதில் ஒரு சந்தேகம். எப்போதுமே ஒரே கணக்கில் சுற்றினால் எப்போதும் காப்பாற்றுமா? என் மிஷினில் ஒரு சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஊசி அதே இடத்தில் துணியை இழுக்கும். எப்போதாவது இழுத்தால் தெரியாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுப்பதால் துணி கிழிகிறது. வானத்தில் அப்படி உண்டா?

படகு கரைக்கு வரும் நாட்கள்: ஜூன் 8, 9. பிறகு 17, 18. பிறகு 26, 27. அடுத்து ஜூலை 5, 6. அதற்கடுத்து 14, 15. இந்த ஒன்பது நாள் கணக்கு அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாறவே இல்லை.

சீக்கிரம் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி,
துரையின் அம்மா


ஜூலை 15

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம். நாக்கு அங்கேதான் போகிறது.

உங்கள் கேள்வியை எங்கள் பிரிவில் சொன்னேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான பாறைகள் சுற்றுகின்றன. அவற்றுக்கு நடுவில் சில இடங்கள் மட்டும் காலி. அதில் ஓர் இடத்தில் இருக்கும் பாறை, வியாழன் ஒரு முறை சுற்றுவதற்குள் சரியாக மூன்று முறை சுற்றும். வியாழன் அதைப் பிடித்து இழுப்பது அதே இடங்களில், திரும்பத் திரும்ப. பாதை மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போய், ஒரு காலத்தில் பாறை அங்கிருந்து வெளியேறிவிடும். ஆகவே ஒத்திசைவு காப்பாற்றவும் செய்யும், துரத்தவும் செய்யும். எத்தனைக்கு எத்தனை என்பது மட்டும் போதாது. எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இனி நம் கணக்கு. சிட்டுவுக்கு ஆறு நாள் சுற்று, மாப்பிள்ளைக்கு ஒன்பது நாள் சுற்று. அவள் மூன்று முடிப்பதற்குள் அவர் இரண்டு. ஆக, பதினெட்டு நாளில் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. இதை மூன்று விதமாகத் தொடங்கலாம். இரண்டு விதத்தில் பதினெட்டு நாளுக்கு ஒரு நாள் இருவரும் வீட்டில் இருப்பார்கள். மூன்றாவது விதத்தில் எத்தனை வருஷமானாலும் இருக்க மாட்டார்கள்.

இப்போது நடப்பது மூன்றாவது. சிட்டு வீட்டுக்கு வந்த நாட்கள் ஜூன் 7, 13, 19, 25, ஜூலை 1, 7, 13. உங்கள் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் வருவதற்கு முந்தின நாள், இல்லாவிட்டால் அவர் கிளம்பிய மறுநாள், அதுவும் இல்லாவிட்டால் அவர் படகில் இருக்கும் நடு நாள்.

நேற்று முன்தினம் அங்கே போயிருந்தேன். சமையலறைச் சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறது. அவள் நாளுக்குச் சிவப்பு வட்டம், அவர் நாளுக்கு நீலம். பிப்ரவரி வரை பதினெட்டு நாளுக்கு ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. மார்ச்சிலிருந்து சிவப்பு ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஒரே ஒரு நாள்.

ஆபீஸில் முறையை மாற்றியிருக்கலாம். விசாரிக்க வேண்டும்.

மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிட்டுவின் அம்மா


ஜூலை 22

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கணக்கைப் படித்து எனக்குக் கை ஓடவில்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். ஒரு நாள்தானே! எந்தப் பக்கம் ஒரு நாள் நகர்த்தினாலும் சரியாகிவிடும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். நம் பிள்ளைகள் கோள்கள் இல்லையே, கேட்டால் மாற்ற மாட்டார்களா? எந்த அதிகாரி இப்படிச் செய்தார், பெயரையும் விலாசத்தையும் எழுதுங்கள். நானே மனு எழுதுகிறேன். கெஞ்சுவதில் எனக்குக் கூச்சமில்லை.

உடனே பதில் போடுங்கள்.

துரையின் அம்மா


செப்டம்பர் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

ஜூலையில் எழுதினேன். ஆகஸ்ட் முழுவதும் தபால்காரரை வாசலில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அவர் இப்போதெல்லாம் எதிர்ச்சாரியில் போகிறார்.

பதில் வராததால் நானே கிளம்பி மலையடிவாரத்து நீரேற்று நிலைய ஆபீஸுக்குப் போனேன். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசினார். மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுதினார்: "முறையை நாங்கள் மாற்றவில்லை. ஒரு நாள் தள்ளித் தரச் சொல்லி உங்கள் மருமகள்தான் கேட்டு வாங்கினார். பிப்ரவரி கடைசியில்."

அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துவந்திருக்கிறேன்.

ஜூலை 13ஆம் தேதி நீங்கள் உங்கள் பெண்ணோடு ஒரு நாள் முழுவதும் இருந்திருக்கிறீர்கள். காலண்டரைப் பார்த்த கண் அவள் முகத்தைப் பார்க்காமலா இருந்திருக்கும்? வேறொன்றும் கேட்கவில்லை.

துரையின் அம்மா


அக்டோபர் 1

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலம் விசாரிக்கவில்லை, நியாயம்தான். நான் விசாரிக்கிறேன். மலையடிவாரம் வரை போய் வந்தது உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

எனக்கு அன்றே தெரியும். காலண்டர் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். சிட்டு பின்னால் வந்து நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டியாம்மா?" என்றாள்.

"நீயா மாத்தின?"

"நான்தான்."

அடுப்பில் மறுநாள் வரப்போகிறவருக்காகச் சமைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை மூடி, மேலே ஒரு சீட்டு வைத்தாள். எதை எப்படிச் சூடு பண்ண வேண்டும் என்று. அவர் வருவதற்கு முந்தின நாள் வாய்க்கும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறாளாம். நான் காரணம் கேட்டேன்.

"பதினெட்டு நாளா சேத்து வச்சிருப்பேன்மா, சொல்றதுக்கு. சொன்னா, உம்னு ஒரு தலையாட்டல். பாதி நேரம் அதுவும் இல்ல. அடுத்த தடவையும் அப்படியே. அதுக்கடுத்த தடவையும். செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு. போன வருஷம் துறைமுகப் பட்டறையில கரை வேலை குடுத்தாங்களாம், வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காரு. அதையே படகுக்காரரோட வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்கூட இருக்கப் பிடிக்கலைன்னுதானே அர்த்தம்? பாக்காம இருந்தா சண்டையும் இல்ல, வலியும் இல்ல. இப்ப நிம்மதியா இருக்கேன்."

நிம்மதி என்று சொல்லும்போது கரண்டியை இறுகப் பிடித்திருந்தாள்.

பாறையைப் பற்றி உங்களுக்கு எழுதினேனே, அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்கப்படுவது என்று. அதை எழுதும்போது எனக்கு இவள்தான் மனதில் இருந்தாள். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெண் தானாகவே கணவனைப் பார்க்காதபடி நாளை மாற்றிக்கொண்டாள் என்று சம்பந்தி வீட்டுக்கு எழுத என் கை வரவில்லை. இரண்டு மாதம் மௌனமாக இருந்தது அதனால்தான்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுங்கள்.

சிட்டுவின் அம்மா


நவம்பர் 11

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். கோபமில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

என் காது போனது மிஷினால் இல்லை. என் அப்பாவுக்கு முப்பத்தைந்து வயதில் போயிற்று. எனக்கு முப்பத்துமூன்றில். நாங்கள் பெண் பார்க்க வந்தபோது நீங்கள் கேட்டீர்கள், 'ஏன் காது மந்தம்?' என்று. மிஷின் என்று சொன்னேன். துரைக்கு அப்போது நன்றாகத்தான் கேட்டது. வராமலே போய்விடும் என்று நம்பினேன். உங்களிடம் சொல்லாதது நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொண்ட பயம்.

இரண்டு வருஷத்துக்கு முன், தனக்கும் காது மங்குகிறது என்று அவனே வந்து சொன்னான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். இயந்திர அறையில் யாருக்கும் எதுவும் கேட்காது, சைகைதான், அதனால் அங்கே அவனுக்குக் குறை தெரியவில்லை. கரை வேலைக்குக் காது சோதனை உண்டு. அதில் தோற்றால் படகிலிருந்தும் இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

உங்கள் கடிதத்தில் சிட்டு சொன்னதைப் படித்தபோது என் மகனின் தலையாட்டல் என் கண்முன் வந்தது. அது என் தலையாட்டல். கேட்காதபோது சிரித்துத் தலையாட்டினால் அவர்கள் பேசி முடித்துவிடுவார்கள் என்று நான்தான் இருபது வருஷமாகக் கடையில் செய்து காட்டியிருக்கிறேன்.

எட்டாம் தேதி காலை படகுத்துறைக்குப் போய் நின்றேன். பையோடு இறங்கியவன் என்னைப் பார்த்துப் பதறினான்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உனக்கு அவகூட இருக்கப் பிடிக்கலன்னு உன் பொண்டாட்டி நெனச்சிட்டிருக்கா. நீ பதில் சொல்லாததால."

உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். எங்கள் வீட்டில் எல்லோரும் உதட்டைத்தான் பார்ப்போம்.

"முறைய மாத்தினது ஆபீஸ்னுல்ல சொன்னா," என்றான்.

"அவதான் மாத்தினா. உன் காது விஷயத்த நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சத்தியத்த உடைச்சிடுவேன்."

அவன் சாப்பிடவில்லை. மறுநாள் முழுக்க அந்தக் காலண்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். நான் ஊர் திரும்பிவிட்டேன்.

இப்போது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்ன தண்டனை என்றாலும் எழுதுங்கள்.

துரையின் அம்மா


நவம்பர் 19

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். பொய் சொல்லமாட்டேன், மூன்று நாள் கோபமாக இருந்தேன். நாலாம் நாள் சிட்டுவின் அப்பா சொன்னார்: "நீ ரெண்டு மாசம் மறைச்ச, அவங்க மூணு வருஷம். வித்தியாசம் நாள் கணக்குலதான்." இருபத்தாறு வருஷத்தில் அவர் போட்ட ஒரே கணக்கு. சரியாகத்தான் இருந்தது.

காது போவதால் ஒருவரை வேண்டாமென்று சொல்லும் வீடு இல்லை இது. அன்றைக்கே சொல்லியிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் வருத்தம்.

சிட்டுவிடம் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளை சொல்லட்டும். காத்திருப்போம்.

பனி உருண்டையின் கணக்கு முடிந்தது. அதுவும் புளூட்டோவைப் போலத்தான். நெப்டியூனை நெருங்கவே நெருங்காது, பத்திரமாக இருக்கும் என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கமாக இப்படி ஒரு முடிவு வந்தால் எங்கள் பிரிவில் கைதட்டுவோம். எனக்கு அன்று கைதட்டத் தோன்றவில்லை.

சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

சிட்டுவின் அம்மா


டிசம்பர் 11

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நேற்று சிட்டு போன் செய்தாள். ஒரு மணி நேரம்.

ஐந்தாம் தேதி காலை அவள் பணியில் இருந்திருக்கிறாள். பம்ப் அறையில் இரண்டு பெரிய மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லோரும் கழுத்தில் ஒரு சிறு சிலேட்டு மாட்டிக்கொண்டு எழுதித்தான் பேசுவார்களாம். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பினால் மாப்பிள்ளை. படகிலிருந்து இறங்கி, வீட்டுக்கே போகாமல், மலைமேல் வரும் லாரி ஒன்றில் ஏறி மூன்று மணி நேரம் வந்திருக்கிறார். சட்டையெல்லாம் செம்மண்.

அவள் கழுத்துச் சிலேட்டை வாங்கி எழுதினாராம்: "எனக்குக் காது கேட்கவில்லை."

சிட்டு சிரித்துவிட்டாள். வாங்கி எழுதினாள்: "இங்கே யாருக்குமே கேட்காது."

அவர் அதை அழிக்கவில்லை. கீழே எழுதினார்: "எனக்கு வீட்டிலும்."

அவள் அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கத்து ஆள் ஓடிவந்து வால்வைத் திருப்பினார். பிறகு சாயங்காலம் வரை, பணி முடியும் வரை, அவர் ஒரு கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இவள் போகும்போதும் வரும்போதும் ஒரு வரி எழுதிக் காட்டுவாள், அவர் ஒரு வரி எழுதுவார். சாக்பீஸ் ஒரு பெட்டி தீர்ந்துபோயிற்றாம்.

"பதினெட்டு நாளா சேத்து வச்சதுக்கெல்லாம் பதில் வந்துச்சும்மா," என்றாள்.

சிட்டுவின் அம்மா


ஜனவரி 31

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம்.

துரை காது சோதனைக்குப் போனான், தோற்றான். இயந்திர அறை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏப்ரல் வரை படகின் மேல்தளத்தில். அதன் பிறகு பட்டறையின் சாமான் அறையில் ஓர் இடம் காலியாகிறதாம், கொடுத்தாலும் கொடுப்பார்கள், இல்லாவிட்டாலும் இல்லை. வலது காதில் ஒரு கருவி வைத்திருக்கிறான். இடது காதுக்கு அது உதவாதாம். எனக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறான். இத்தனை வருஷம் கழித்து ஊர்க்கதையெல்லாம் காதில் விழுந்தால் எனக்குத் தாங்குமா என்று யோசிக்கிறேன்.

சிட்டு தன் முறையை ஒரு நாள் தள்ளி வாங்கியிருக்கிறாள். 28ஆம் தேதி இரண்டு பேரும் வீட்டில். நீங்கள் வர முடியாமல் போனதில் எனக்குக் குறைதான், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதிரெதிரே உட்காரவைத்துச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு அவன் முன்னறைக்குப் போனான். சிட்டு பாத்திரம் கழுவினாள். நான் சமையலறை ஸ்டூலில் இருந்தேன். அவள் உதடு அசைந்தது. அவளுக்குத் தனக்குள் முணுமுணுக்கும் பழக்கம் உண்டு, எனக்கு உதடு படிக்கும் பழக்கம் உண்டு. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. குழாயிடம் சொன்னாள்.

"எடுத்துட்டேன்!" என்று முன்னறையிலிருந்து துரையின் குரல். அவன் குரல் எனக்கே கேட்கும், அவ்வளவு சத்தம்.

சிட்டு கையில் தட்டோடு அப்படியே நின்றாள். தண்ணீர் வழிந்து போய்க்கொண்டிருந்தது. குழாயை மூடினாள். பிறகு என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பார்த்து, மெல்ல ஏதோ சொன்னாள். உதடு தெரியாததால் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூடாது.

முன்னறையில் அவன் சிரித்தான்.

உங்கள் சம்பந்தி,
துரையின் அம்மா